ஈர மண்ணைத் தொடுங்க, காஞ்ச மண்ணை மூச்சுக்குள்ள விடாதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ காபியோ கையில வெச்சுட்டு வந்து உக்காருங்க.

போன மாசம் மட்டும் மூணு பேர் எங்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "டாக்டர், வீட்லயே களிமண்ணுல பாத்திரம் செய்ய ஆரம்பிச்சிருக்கேன். மண்ணுல கை வெச்சா இன்ஃபெக்‌ஷன் ஏதாச்சும் வருமா?" மூணு பேரும் கோயம்புத்தூர்தான். ஒருத்தர் அப்பார்ட்மென்ட்ல சும்மா கெடந்த பெட்ரூமை ஸ்டுடியோ ஆக்கிட்டார். ஒருத்தர் ரிட்டயர்டு டீச்சர், பால்கனியில வேலை. இன்னொருத்தர் ஐடி, ராத்திரி பத்து மணிக்கு மேலதான் மண்ணைத் தொடுவாராம்.

மூணு பேருக்கும் சக்கரம் இல்லை. கையாலயே கட்டறது. உருண்டை பிடிச்சு நடுவுல கட்டைவிரலை விட்டு அகல்விளக்கு மாதிரி கிள்ளி எடுக்கறது. இல்லைன்னா முறுக்கு மாவு மாதிரி திரி உருட்டி ஒண்ணு மேல ஒண்ணு சுத்தி எழுப்பறது. இல்லைன்னா சப்பாத்திக் கட்டையில பலகையாத் தேச்சு, வெட்டி, ஓரத்தைக் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டறது. இந்த மூணுலயே டம்ளர்ல இருந்து பூந்தொட்டி வரைக்கும் எல்லாம் செஞ்சரலாம்.

நான் நெஞ்சுநோய் டாக்டர். ஏழு வருசமா ஞாயித்துக்கிழமை ஆனா பொடக்காணியில மண் பிசையற ஆளும்கூட. அதனால இந்தக் கேள்விக்கு என்கிட்ட ரெண்டு பதில் இருக்கு.

இன்ஃபெக்‌ஷன் பத்தின பதில் சின்னது. கையில வெட்டு, வெடிப்பு இருந்தா மூடிட்டு வேலை செய்யுங்க. டிடி ஊசி போட்டு பத்து வருசம் ஆச்சுன்னா போட்டுக்கங்க. சர்க்கரை நோய் உள்ளவங்க, குளத்து மண்ணை நேரா எடுத்துப் பிசையறதா இருந்தா கையுறை போடறது நல்லது. மெலியாய்டோசிஸ்னு ஒரு கிருமி நோய் இருக்கு, நம்ம தமிழ்நாட்டு மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கற பாக்டீரியாதான். எல்லாருக்கும் வராது, ஆனா சர்க்கரை உள்ளவங்களை அது தேடிப் பிடிக்கும். அவ்வளவுதான். மத்தபடி நாள்பட்ட மண்ணுல கொஞ்சம் நாத்தம் வரும், பாசி பிடிக்கும். பயப்படாதீங்க. பழுத்த மண்ணு நல்லா வளையும்னு தேடி வெச்சு வேலை செய்யறவங்க இருக்காங்க.

ரெண்டாவது பதிலுக்குத்தான் இந்த த்ரெட். நீங்க பயப்பட வேண்டியது கையில ஒட்டற மண்ணுக்கு இல்லை. தரையில சிந்தி, காஞ்சு, நாளைக்குக் காலையில சீமாறு போட்டுக் கூட்டும்போது எந்திரிக்கற மண்ணுக்கு.

கோயம்புத்தூர்ல நெஞ்சுநோய் பாக்கற எந்த டாக்டரைக் கேட்டாலும் ரெண்டு தூசியைப் பத்திச் சொல்லுவார். ஒண்ணு பஞ்சுத் தூசி. மில்லுல வேலை பாத்த தலைமுறைக்கு அது தெரியும். ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கட்கிழமை உள்ள போனா நெஞ்சைப் பிடிக்கும். இன்னொண்ணு மணல் தூசி. இந்த ஊர் பம்புக்குப் பேர் போன ஊர். பம்பு செய்ய ஃபவுண்டரி வேணும். ஃபவுண்டரியில இரும்பை உருக்கி ஊத்தற அச்சு மணல்ல செஞ்சது. வார்ப்பு ஆறினப்புறம் அந்த மணலைத் தட்டி உதுத்து, பிசிறைத் தேச்சு எடுக்கணும். அங்க பறக்கற தூசியில இருக்கறது சிலிகா. வெட் கிரைண்டருக்குக் கருங்கல் கொத்தறவங்களுக்கும் அதே தூசிதான்.

அப்படி ஒரு பெரியவரை நான் பல வருசம் பாத்தேன். இருபது வருசத்துக்கு மேல பிசிறு தேய்க்கற வேலை. ரெண்டு தடவை டிபிக்கு மருந்து சாப்பிட்டவர். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், அப்புறம் செருப்பு மாட்டக் குனிஞ்சாலே வாங்க ஆரம்பிச்சுது. எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் மேல்பகுதியில கடுகு தூவின மாதிரி புள்ளி. இது சிலிகோசிஸ், நீங்க சுவாசிச்ச மணல் தூசியால வந்ததுன்னு விளக்கினேன். அவர் ரொம்ப நேரம் படத்தையே பாத்துட்டு இருந்தார்.

"ஏனுங்க டாக்டரு, மண்ணுதானுங்க அது. சின்ன வயசுல மண்ணுலதானுங்க பொரண்டு வளந்தோம். அது என்னங்க பண்ணும்?"

அது என்ன பண்ணும்னு சொல்றேன். நம்ம நுரையீரல்ல துப்புரவு வேலைக்குன்னே செல்கள் இருக்கு, மேக்ரோஃபேஜ்னு பேரு. கிருமி வந்தா முழுங்கிச் செரிச்சிரும். சிலிகாத் துகளையும் அதே மாதிரி முழுங்கும். ஆனா அதைச் செரிக்க முடியாது, செல்லுதான் செத்துப்போகும். உள்ள இருந்த ரசாயனம் எல்லாம் வெளிய கொட்டும், துகளும் வெளிய விழும். அடுத்த செல் வந்து அதே துகளை முழுங்கும். அதுவும் சாகும். இப்படி நடக்கற எடத்துல எல்லாம் தழும்பு விழும். தழும்பு சுருங்கி விரியாது. தூசியில இருந்து வெளிய வந்தாலும் தழும்பு போகாது, சிலருக்கு வேலையை விட்ட அப்புறமும் கூடிட்டே போகும். குணப்படுத்த மருந்து இல்லை. டிபி வர்ற வாய்ப்பும் கூடும். 1997-ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மூச்சுல போற படிகச் சிலிகாவை மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு முதல் பிரிவுல சேத்துச்சு. நம்ம நாட்டுத் தொழிலாளர் சட்டத்துலயும் சிலிகோசிஸ் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்.

இப்ப உங்க களிமண் பாக்கெட்டுக்கு வருவோம். களிமண்ணுங்கறது வெறும் களி இல்லை. அதுல குவார்ட்ஸ் துகளும் கலந்து இருக்கும். குவார்ட்ஸ்னா படிகச் சிலிகா, அதாவது ஃபவுண்டரியில பறக்கற அதே பொருள். ஈரமா இருக்கற வரைக்கும் தண்ணி அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். காஞ்சு, தேஞ்சு, பொடியாச்சுன்னா எந்திரிக்கும். நமக்குக் கண்ணுல தெரியற தூசி மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுரும், அது பெரிய பிரச்சினை இல்லை. நுரையீரலோட அடி வரைக்கும் போறது 5 மைக்ரானுக்குக் கீழ இருக்கறது. நம்ம தலைமுடி தடிமனே சுமார் 70 மைக்ரான். அதனால "என் ரூம்ல தூசியே இல்லை டாக்டர்"னு நீங்க சொன்னா எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாதது மணிக்கணக்கா காத்துல மிதக்கும்.

ஒரு கணக்கு சொல்றேன். அமெரிக்காவுல 2016-ல தொழிலாளர்களுக்கு வெச்ச வரம்பு, 8 மணி நேர சராசரியா ஒரு கன மீட்டர் காத்துக்கு 50 மைக்ரோகிராம். பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்னா சுமார் 28 கன மீட்டர். அந்த ரூம் முழுக்க அந்த வரம்பைத் தொட, நுரையீரலுக்குள்ள போற அளவு சிலிகா 1.4 மில்லிகிராம் மிதந்தாப் போதும். பாராசிட்டமால் 500 மாத்திரை தெரியுமில்ல? அதை 350 துண்டா உடைச்சா, அதுல ஒரே ஒரு துண்டு.

நியாயமாவும் பேசணும். பொழுதுபோக்குக்கு வாரத்துல நாலு மணி நேரம் மண் பிசையறவரும், நாளைக்கு எட்டு மணி நேரம் இருபது வருசம் தேச்சவரும் ஒண்ணு இல்லை. உங்களுக்கு அந்தப் பெரியவர் மாதிரி ஆயிரும்னு நான் சொல்லலை. ஆனா ஃபவுண்டரியில ஷிஃப்ட் முடிஞ்சா வெளிய வந்தரலாம். நீங்க அதே ரூம்ல தூங்கறீங்க. உங்க பையன் அதே தரையில தவழறான். அங்க அளந்து பாக்க இன்ஸ்பெக்டரும் இல்லை.

"அப்ப நம்ம ஊர்ல காலங்காலமா பானை செஞ்சவங்க?"ன்னு கேப்பீங்க. எனக்கும் அந்தக் கேள்வி வந்துச்சு, அதுக்குப் பதில் தேடித்தான் இந்த விசயத்துக்குள்ளயே போனேன்.

கொங்கு நாட்டுல கையால மண்ணைக் கட்டற வேலை பாக்கணும்னா உடுமலைப்பேட்டை பக்கம் சோமவாரப்பட்டி போங்க. அங்க ஆல்கொண்டமால் கோயில் இருக்கு, மாலகோயில்னும் சொல்லுவாங்க. மாட்டுப் பொங்கல் சமயத்துல சுத்துப்பட்டு விவசாயிங்க அங்க வந்து மண்ணுல செஞ்ச மாடு, கன்னு உருவங்களை வெச்சுக் கும்பிட்டுப் போவாங்க. உருவாரம்னு பேரு. தன்னோட மாடு நல்லா இருக்கணும், சீக்குல இருந்து எந்திரிக்கணும்னு வேண்டுதல். மாடு மட்டும் இல்லை, நம்ம பக்கத்துக் கோயில்கள்ல கை வலிக்குக் கை, கால் வலிக்குக் கால், புள்ளை வரத்துக்குக் குழந்தைன்னு உருவாரம் வெப்பாங்க. சில கோயில் மரத்தடியில அடுக்கியிருக்கறதைப் பாத்தா எங்க எலும்பு முறிவு வார்டு மாதிரியே இருக்கும்.

உருவாரம் சக்கரத்துல வராது. மாட்டோட வயிறு, கழுத்து, திமில் எல்லாம் கையால கட்டறது. உள்ள கூடா விடுவாங்க, எங்கயாவது ஒரு ஓட்டை வெப்பாங்க. கெட்டியா உருட்டிச் சுட்டா உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி, போக வழி இல்லாம வெடிச்சிரும். பெரிய உருவத்துக்கு மண்ணுல மணலும் நெல் உமியும் சேப்பாங்க. சூட்டுல உமி எரிஞ்சு போயி அங்கங்க துளை விழும், ஈரம் அது வழியா வெளிய வரும். உங்க பலகை டம்ளர் அடுப்புல வெடிக்கற காரணமும் இதேதான். நல்லாக் காயாம சூளைக்குள்ள போறது.

நான் மண்ணு வாங்கற குடும்பத்துல ஒரு அண்ணன் இருக்கார். ஒருக்கா, நான் காஞ்ச கிண்ணத்தை மழமழன்னு ஆக்க உப்புத்தாள் வாங்கணுமான்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டார். "அது எதுக்குங்க? ஈரத்துல பண்ற வேலைய ஈரத்துலயே முடிச்சரோணுமுங்க. காஞ்சப்புறம் தொடவே கூடாதுங்க." தோல் பதத்துல, அதாவது பாதி காஞ்சு தோல் மாதிரி வளையாம நிக்கறப்ப, ஈரத் துணியால ஒரு தடவு, வழவழப்பான கூழாங்கல்லால ஒரு தேய்ப்பு. முடிஞ்சுது வேலை.

அவங்க வேலை செய்யற எடத்தைப் பாருங்க. மண்ணை ஊறப் போடறாங்க, கால்ல மிதிக்கறாங்க, எல்லாம் தண்ணியோட. காஞ்ச கட்டியை உடைக்கறப்ப தூசி பறக்கத்தான் செய்யும், ஆனா அது வாசல்ல, திறந்த வெளியில. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து அடிக்கற காத்துல அது எங்க போச்சுன்னே தெரியாது. மேல கண்ணாடிப் பூச்சும் கெடையாது. அவங்களுக்கு நெஞ்சுக்கு வர்ற தொந்தரவு பெரும்பாலும் சூளைப் புகையால, அது தனிக் கதை. நாம என்ன பண்ணினோம்? அந்த வேலையில இருந்து மண்ணை மட்டும் எடுத்துட்டோம். வாசலை விட்டுட்டோம், காத்தை விட்டுட்டோம், ஈரத்தை விட்டுட்டோம். ஜன்னல் சாத்தின ஏசி ரூம்ல உக்காந்து, யூடியூப் பாத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறோம்.

(ஒரு கிளைக்கதை. சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில கொடுமணல்னு ஊரு. 1985-ல இருந்து பல தடவை தோண்டியிருக்காங்க. சங்க இலக்கியத்துல கொடுமணம்னு வர்ற ஊர் அதுதான்னு சொல்றாங்க. அங்க கெடச்ச கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள்ல தமிழ் பிராமியில ஆள் பேர் கீறியிருக்கு. ரெண்டாயிரம் வருசத்துக்கும் முந்தி நம்ம ஆளு தன் சட்டியில பேர் எழுதி வெச்சிருக்கார். ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜுல டிஃபன் பாக்ஸ் வெக்கற நமக்கு அந்த மனுசனை நல்லாப் புரியும்.)

தூசி மேட்டரை மத்த ஊர்க்காரங்க ரத்தம் குடுத்துக் கத்துக்கிட்டாங்க. இங்கிலாந்துல வெள்ளைப் பாத்திரம் செய்யச் சிக்கிமுக்கிக் கல்லை அரைச்சு மண்ணுல கலப்பாங்க. காஞ்ச கல்லை அரைச்சவங்க மூச்சு நின்னு செத்தாங்க. 1726-ல தாமஸ் பென்சன்னு ஒருத்தர் தண்ணிக்குள்ள வெச்சு அரைக்கற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணி விட்டு அரைக்கறது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர்க்காரங்களுக்கு நான் இதை விளக்கணுமா?

சரி, வீட்ல என்ன செய்யறது.

சீமாறு அந்த ரூமுக்குள்ள வரவே கூடாது. வேக்குவம் கிளீனரும் வேண்டாம், சாதா வேக்குவம் நுண்தூசியைப் பின்பக்கமா ஊதி ரூம் பூரா பரப்பி விடும். வேலை முடிஞ்ச உடனே, மண்ணு ஈரமா இருக்கறப்பவே, ஸ்பாஞ்சால மேசையைத் துடைங்க, ஈர மாப்பு போட்டுத் தரையைத் துடைங்க. நாளைக்குன்னு தள்ளி வெச்சீங்கன்னா நாளைக்கு அது தூசி. வேலைக்காரம்மா வந்து கூட்டட்டும்னு விடாதீங்க, அவங்களுக்கும் நுரையீரல்தான் இருக்கு.

சிந்தின துணுக்கை உடனே ஒரு வாளித் தண்ணியில போடுங்க. கை கழுவறதும் அதே வாளியில. ராத்திரி விட்டா மண்ணு அடியில படிஞ்சிரும், மேல தெளிஞ்ச தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு அடி மண்ணைத் திரும்பப் பிசைஞ்சுக்கலாம். சிங்க்ல கழுவினா பைப் அடைக்கும். அதுக்கு டாக்டர் பத்தாது, பிளம்பர் வேணும்.

வேலை செய்யற சட்டையைத் தனியா வெச்சு, தனியாத் துவைங்க. அதோட குழந்தையைத் தூக்காதீங்க. மண்ணு காஞ்ச ஏப்ரனை உதறாதீங்க, நேரா தண்ணியில முக்குங்க. சீலிங் ஃபேன் வேண்டாம். தூசிக்கு மட்டும் சொல்லலை, ஒரு பக்கம் மட்டும் காஞ்சு பாத்திரம் கீறல் விடும். ஆடிக் காத்துல பால்கனி டீச்சர் மாதிரி ஆளுங்க பாத்திரத்து மேல ஈரத் துணி மூடி வெக்கோணும்.

தேய்க்கவே கூடாதான்னா, தேச்சே ஆகணும்னா தண்ணியில முக்கின உப்புத்தாள்ல ஈரமாத் தேயுங்க. பொடியா வர்ற மண்ணையோ கிளேஸ் பவுடரையோ கலக்கறதா இருந்தா வெளிய வெச்சு, என்95 மாஸ்க் மூக்குல இறுக்கிப் போட்டுட்டுக் கலக்குங்க. துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் இந்தத் தூசியைத் தடுக்காது. பவுடரே வாங்காம ரெடியா ஈரமா வர்றதையே வாங்கினா இன்னும் சுளுவு.

குழந்தைங்களைச் சேத்துக்கலாமா? தாராளமா. ஈர மண்ணை எவ்வளவு வேணாலும் பிசையட்டும். கூட்டற, தேய்க்கற, பவுடர் கலக்கற நேரத்துல மட்டும் ரூம்ல இருக்க வேண்டாம்.

மண்பானைத் தண்ணி குடிச்சா சிலிகா உள்ள போகுமான்னு கண்டிப்பா யாராச்சும் கேப்பீங்க. இல்லை. இது மூச்சு வழியா மட்டும் வர்ற நோய். பானைத் தண்ணி குடிங்க, மண்சட்டியில மீன் குழம்பு வைங்க.

ஆனா கிளேஸ் வேற விசயம். கிளேஸ்ங்கறது பாத்திரத்து மேல உருகி ஒட்டற கண்ணாடி. அதைக் குறைஞ்ச சூட்டுல உருக்க, பல நாடுகள்ல ஈயம் சேத்தாங்க, சில எடத்துல இன்னும் சேக்கறாங்க. இத்தாலியில ராமசினின்னு ஒரு டாக்டர், 1700-ல தொழில் நோய்களுக்குன்னே ஒரு புஸ்தகம் எழுதினவர். அதுல குயவர்களுக்கு ஒரு அத்தியாயம் இருக்கு. கிளேஸுக்கு ஈயம் அரைச்சவங்களுக்கு முதல்ல கை நடுங்கி, அப்புறம் கை கால் விழுந்து, பல்லும் போனதை எழுதியிருக்கார். புளி, தயிர், எலுமிச்சை எல்லாம் கிளேஸ்ல இருக்கற ஈயத்தைக் கரைச்சு எடுக்கும். நம்ம சமையல்ல புளி இல்லாத நாள் எது? ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு எதுவும் கெடையாது, குழந்தைகளோட மூளை வளர்ச்சியைத்தான் முதல்ல தொடும். ஈயம் இல்லைன்னு எழுதியிருக்கற கிளேஸ் வாங்கி, டப்பாவுல போட்டிருக்கற சூட்டுக்குச் சரியாச் சுடுங்க. சரியா உருகாத நல்ல கிளேஸும் கரையும். மேங்கனீஸ், கோபால்ட், பேரியம்னு நீங்களே கலந்து பாக்கற ஆசை இருந்தா, சாப்பிடாத பாத்திரத்துல காட்டுங்க. கடையில பளபளன்னு சிவப்பு வார்னிஷ் அடிச்சு விக்கற மண்சட்டியும் அழகுக்கு மட்டும்தான்.

எங்க சுடறது? எலக்ட்ரிக் சூளை வாங்கறீங்கன்னா வீட்டுக்குள்ள வெக்காதீங்க. சுடறப்ப மண்ணுல இருக்கற கரிமப் பொருள், கந்தகம் எல்லாம் எரிஞ்சு கார்பன் மோனாக்சைடும் கந்தகப் புகையும் வரும். 100 டிகிரி தாண்டற வரைக்கும் மெதுவா ஏத்துங்க, ஈரம் போகட்டும். 450-ல இருந்து 600 டிகிரிக்குள்ள மண்ணோட கட்டமைப்புல இருக்கற தண்ணியே வெளிய போயிரும். அதுக்கப்புறம் அது தண்ணியில போட்டாலும் திரும்ப மண்ணா கரையாது. 573 டிகிரியில குவார்ட்ஸ் படிகம் சட்டுன்னு உப்பும், ஆறும்போது அதே எடத்துல சுருங்கும். அதனால ஆறறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து எட்டிப் பாக்காதீங்க. இவ்வளவு தலைவலி வேண்டாம்னா, மண்பாண்டம் செய்யறவங்க சூளையில எடம் கேட்டு வைங்க, கூலி குடுங்க. குளத்துல களிமண் எடுக்க அனுமதிக்கே அவங்க வருசக்கணக்கா அலைஞ்சிருக்காங்க. 2024-லதான் அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவுலயே வாங்கலாம்னு தமிழ்நாடு அரசு சுளுவாக்குச்சு. நம்ம பொழுதுபோக்குக் காசு கொஞ்சம் அந்தப் பக்கம் போகட்டும்.

கைக்கு இது நல்லதான்னும் கேப்பீங்க. விறைச்ச விரலுக்குப் பிசையறது நல்ல வேலைதான், பக்கவாதத்துக்கு அப்புறம் எங்க பிசியோதெரபிஸ்டுங்க குடுக்கற களிம்பு உருண்டையும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்யுது. கட்டைவிரல் அடிமூட்டு தேய்மானம் உள்ளவங்களும், ராத்திரி கை மரத்துப் போறவங்களும், ஒரே நேரத்துல ரெண்டு மூணு கிலோ பிசையாதீங்க. அரைக் கிலோவா எடுங்க. மேசை இடுப்புக்குக் கீழ இருக்கட்டும், மணிக்கட்டால அழுத்தாம உடம்பு எடையைப் போட்டு அழுத்துங்க. மண் பிசைஞ்சா சர்க்கரை குறையும்னு ஃபார்வேர்டு வந்தா டெலிட் பண்ணிருங்க.

கடைசியா ஒண்ணு. "எக்ஸ்ரே எடுத்துப் பாக்கட்டுமா டாக்டர்?" தொந்தரவு ஒண்ணும் இல்லாம வாரத்துக்கு ஒரு நாள் செய்யறவங்களுக்கு வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், நடந்தா மூச்சு வாங்கறது, எடை குறையறதுன்னு இருந்தா மண் வேலை செஞ்சாலும் செய்யாட்டியும் டாக்டரைப் பாருங்க, சளி டெஸ்ட் எடுங்க. ராமசினி சொன்ன இன்னொரு விசயம், நோயாளிகிட்ட "நீ என்ன வேலை செய்யற?"ன்னு டாக்டர் கட்டாயம் கேக்கணுங்கறது. ஓபியில நூறு பேர் நிக்கறப்ப நாங்க அதைக் கேக்க விட்டுருவோம். கேட்டாலும் நீங்க "ஐடி"ன்னோ "டீச்சர்"ன்னோதான் சொல்லுவீங்க. வீட்ல மண் வேலையும் செய்யறேன், எவ்வளவு வருசமா, எந்த ரூம்ல, எப்படிக் கூட்டறேன்னு சேத்துச் சொல்லுங்க.